சி நிரலில் கட்டளை வரி எண்கள்: கொடுத்தால் சரிபார்க்கணும், கொடுக்காவிட்டால் கேட்கணும். எப்படி?

#1 அரைப்புள்ளி

கடன் தவணை கணக்கிடும் சின்ன சி நிரல். லினக்ஸ், ஜிசிசி கம்பைலர். மூன்று எண்கள் தேவை: அசல் (முழு ரூபாய்), மாதங்கள், ஆண்டு வட்டி (தசமம் வரலாம்). கட்டளை வரியில் ‘தவணை 150000 24 10.5’ என்று கொடுத்தால் 6956.41 என்று வருகிறது. இது சரி.

எதுவும் கொடுக்காமல் வெறும் ‘தவணை’ என்று ஓட்டினால் ஒவ்வொன்றாகக் கேட்கும். கட்டளை வரிக்கு ஏடோஐ, ஏடோஎஃப் (எழுத்துச் சரத்தை முழு எண்ணாகவும் தசம எண்ணாகவும் மாற்றும் ஃபங்ஷன்கள்). கேள்விக்கு ஸ்கேன்எஃப் (தட்டுவதிலிருந்து எண் படிக்கும், ஒரு எண் கிடைத்தால் 1 திருப்பும்), அதுவும் ‘1 திரும்பி வரும்வரை மறுபடி கேள்’ என்ற லூப்புக்குள். சிக்கல்கள் மூன்று:

அசலை 1,50,000 என்று காற்புள்ளியோடு கட்டளை வரியில் கொடுத்தால் தவணை 0.05 ரூபாய் என்கிறது. அதே 1,50,000-ஐக் கேள்விக்குப் பதிலாகத் தட்டினால் ‘எத்தனை மாதம்?’ என்ற வரி திரை முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது, கண்ட்ரோல்-சி போட்டால்தான் நிற்கிறது. மாதத்துக்கு 24.5 என்று தட்டினால் வட்டியைக் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமலே 6282 சொச்சம் என்று ஒரு விடையைத் தருகிறது.

இன்னொரு கேள்வி: கட்டளை வரியில் தப்பான எண் வந்தால் நிரல் வெளியேற வேண்டுமா, இல்லை திரும்பக் கேட்க வேண்டுமா?

#2 கருந்திரை

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். எண் எங்கே முடிந்தது என்பதை உங்கள் நிரல் எந்த இடத்திலும் பார்க்கவில்லை.

ஏடோஐ முதலில் இருக்கும் இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். ‘1,50,000’-இல் 1 படித்தது, காற்புள்ளியைக் கண்டதும் நின்றது, 1-ஐத் திருப்பியது. அசல் ஒரு ரூபாய் என்றால் தவணை 0.046, இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் 0.05. கணக்கு சரி, உள்ளீடுதான் தப்பு. ‘பத்து’ என்று கொடுத்தால் 0 தரும். நிஜமாகவே 0 கொடுத்தாலும் 0 தரும். இரண்டையும் பிரித்தறிய வழியே கிடையாது.

ஸ்கேன்எஃப் கதை கொஞ்சம் வேறு. அது தனக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை உள்ளீட்டு பஃபரிலேயே (தட்டியவை காத்திருக்கும் இடம்) விட்டுவிடும். நீங்கள் 1,50,000 தட்டியதும் அசலுக்கு 1 போனது, ‘,50,000’ மிச்சம் நின்றது. மாதத்துக்கான ஸ்கேன்எஃப் அந்தக் காற்புள்ளியைப் பார்க்கிறது, எண் இல்லை என்று 0 திருப்புகிறது, காற்புள்ளியை அகற்றுவதில்லை. லூப் மறுபடி சுற்றுகிறது, மறுபடியும் அதே காற்புள்ளி. விடிய விடிய ஓடும்.

மூன்றாவதுதான் மோசம். 24.5-இல் மாதம் 24 ஆனது, ‘.5’ மிஞ்சியது. அடுத்த ஸ்கேன்எஃப் தசம எண் தேடியது, ‘.5’ அதற்குப் பொருத்தமாகக் கிடைத்தது. வட்டி அரை சதவீதம் ஆகிவிட்டது. பிழைச் செய்தி கிடையாது, லூப்பும் கிடையாது, விடை நம்பும்படியாக இருக்கிறது. முடிவில்லா லூப்பை யாரும் கவனிப்பார்கள், 6282-ஐ யார் கவனிப்பார்?

தீர்வு: எண்ணைப் படிக்க ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். கட்டளை வரியிலிருந்து வரும் சரமும் அதற்குள்தான் போக வேண்டும், கேள்விக்குத் தட்டிய வரியும் அதற்குள்தான். கேள்விக்கு எஃப்கெட்ஸ் வைத்து முழு வரியை எடுங்கள், அதன்பிறகு அந்த வரியை எண்ணாக மாற்றுங்கள். வரியை எடுப்பது வேறு வேலை, எண்ணாக்குவது வேறு வேலை. ஸ்கேன்எஃப் இரண்டையும் ஒன்றாகக் குழைப்பதால்தான் இந்தப் பாடு.

#3 வெற்றுச்சுட்டி

கருந்திரை சொன்னதோடு ஒன்று. ஏடோஐ வெறும் பிழை சொல்லாத ஃபங்ஷன் மட்டும் இல்லை. மதிப்பு இண்ட்டில் (சாதாரண முழு எண் வகை) அடங்காவிட்டால் என்ன நடக்கும் என்பதை சி தரம் வரையறுக்கவே இல்லை. ஸ்கேன்எஃப்பும் அப்படித்தான். 99999999999 என்று தட்டினால் கிடைப்பதை ‘ஏதோ ஒரு எண்’ என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது.

மாற்று ஸ்டிர்டோல் குடும்பம்: எண்ணோடு அது முடிந்த இடத்தையும் சொல்லும் ஃபங்ஷன்கள். நான் ஸ்டிர்டோல்எல்-ஐப் பரிந்துரைப்பேன். காரணம், ஸ்டிர்டோல் தரும் லாங் என்ற முழு எண் வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். ஸ்டிர்டோல்எல் தரும் லாங் லாங் இரண்டிலும் 8. ஃபங்ஷனின் எலும்புக்கூடு இது:

முழுஎண்_படி (சரம், கீழ்வரம்பு, மேல்வரம்பு, விடை)
— எர்நோ-வை (நூலகம் பிழைக் குறி வைக்கும் மாறி) 0 ஆக்கு
— மதிப்பு = ஸ்டிர்டோல்எல் (சரம், முடிவு, அடிமானம் 10)
— முடிவும் சரத்தின் தொடக்கமும் ஒரே இடம் என்றால்: ‘எண் இல்லை’
— எர்நோ ஈரேஞ்ச் என்றால்: ‘அளவு மீறியது’
— முடிவு நிற்பது வெற்றிடமாக இருக்கும்வரை அதை நகர்த்து
— முடிவு நிற்பது சரத்தின் இறுதியில் உள்ள பூச்சிய பைட் இல்லை என்றால்: ‘எண்ணுக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது’
— மதிப்பு வரம்புக்கு வெளியே என்றால்: ‘வரம்பு மீறல்’
— விடையில் மதிப்பை வை, ‘சரி’ என்று திரும்பு

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்:

எர்நோ-வை அழைப்புக்கு முன் நாமே 0 ஆக்க வேண்டும். நூலக ஃபங்ஷன் எதுவும் அதை 0-க்குத் திருப்பாது. முன்னே எங்கோ ஏற்பட்ட பழைய பிழை அப்படியே நின்று, சரியான எண்ணையும் தள்ளிவிடும். அழைப்பு முடிந்ததும் உடனே பாருங்கள். நடுவில் ஒரு பிரிண்ட்எஃப் போட்டாலே அது மாறிவிடலாம்.

‘எண் இல்லை’ என்பதை எர்நோ வைத்துக் கண்டுபிடிக்காதீர்கள். இலக்கமே இல்லாதபோது ஈஇன்வால் (‘தப்பான உள்ளீடு’ என்ற குறி) வைக்கலாம் என்று பாசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரம்) அனுமதிக்கிறது, கட்டாயமாக்கவில்லை. சி தரம் அதைப் பேசுவதே இல்லை. முடிவுச்சுட்டி நகர்ந்ததா என்பது மட்டுமே நம்பகமான சோதனை. வெற்றுச் சரமும் இதிலேயே பிடிபடும்.

வெற்றிடமா என்று பார்க்கும் இஸ்ஸ்பேஸ்-க்கு எழுத்தை அன்சைன்ட் கேராக (எதிர்மறை இல்லாத எழுத்து வகை) மாற்றித்தான் கொடுக்க வேண்டும். எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி சிப்கள்) கேர் எதிர்மறையும் ஏற்கும் வகை. தமிழ் எழுத்து ஒன்று யூடிஎஃப்-8இல் 224 என்ற பைட்டில் தொடங்கும். அது கேரில் −32 ஆகும். இஸ்ஸ்பேஸ்-க்கு −32 கொடுப்பது வரையறுக்கப்படாத நடத்தை.

கடைசியாக, அடிமானம் 0 போடாதீர்கள். அப்படிப் போட்டால் முன்னால் 0 இருந்தாலே எட்டடிமானம் என்று எடுத்துக்கொள்ளும். ‘010’ கொடுத்தால் 8. ‘08’ கொடுத்தால் 0 படித்துவிட்டு 8-இல் நிற்கும். ஜனவரி முதல் ஜூலைவரை ஒழுங்காக ஓடி ஆகஸ்ட் பிறந்ததும் முறியும் தேதி நிரல்களுக்கு இதுதான் காரணம். ஸ்கேன்எஃப்பில் ‘சதவீதக்குறி ஐ’ வடிவமும் அதே கோளாறுதான்.

#4 ஆய்வகம்

எண்ணாக்கும் ஃபங்ஷன் நன்று. ஆனால் முதல் செமஸ்டர் மாணவர்களுக்கு முடிவுச்சுட்டி என்றாலே தலை சுற்றும். அவர்களுக்கு ஸ்கேன்எஃப்பை வைத்துக்கொண்டே, தோல்வி வந்தால் எஃப்ஃப்ளஷ்-க்கு எஸ்டிடிஇன்-ஐ (நிரலின் உள்ளீட்டு வழி) கொடுத்து பஃபரைக் காலி செய்தால் போதாதா? பல பாடக்குறிப்புகளில் அப்படித்தான் இருக்கிறது.

#5 வெற்றுச்சுட்டி

சார், எஃப்ஃப்ளஷ் வெளியீட்டு ஸ்ட்ரீமுக்கானது. உள்ளீட்டுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சி தரம் வரையறுக்கவில்லை. பழைய மைக்ரோசாஃப்ட் கம்பைலர்களில் பஃபர் காலியானது, பாடக்குறிப்புகள் அங்கிருந்து வந்தவை. விஷுவல் ஸ்டுடியோ 2015 முதல் அங்கேயும் அது வேலை செய்வதில்லை. லினக்ஸ் டெர்மினலில் அதை நம்ப முடியாது.

ஸ்கேன்எஃப்பையே வைத்துக்கொள்வதானால், தோல்வி வந்ததும் கெட்கேர்-ஐ (ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பது) புதுவரிக் குறி வரும்வரை அல்லது கோப்பு முடிவு வரும்வரை ஓட்டி மிச்சத்தை விழுங்க வேண்டும். அந்த எழுத்தை வாங்கும் மாறி இண்ட் வகையாக இருக்கணும், கேராக இருக்கக் கூடாது. கோப்பு முடிவைச் சொல்லும் எதிர்மறை மதிப்பு கேருக்குள் போனால் நிஜ எழுத்தோடு குழம்பும். கேர் எதிர்மறை ஏற்காத ஏஆர்எம் சிப் லினக்ஸில் அந்த ஒப்பீடு ஒருபோதும் உண்மையாகாது, லூப் நிற்காது.

ஆனாலும் 24.5 சிக்கல் இதில் தீராது. அங்கே ஸ்கேன்எஃப் தோற்கவே இல்லையே, வெற்றி என்றுதான் சொல்கிறது.

#6 மடைமாற்றி

டெர்மினலில் ஆள் உட்கார்ந்து தட்டுகிறார் என்று மட்டும் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இதே நிரலை கிரான்டேபில் (நிரல்களைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானின் பட்டியல்) போட்டால் என்ன ஆகும்?

கிரானில் எஸ்டிடிஇன் படித்த உடனே கோப்பு முடிவு வரும். அரைப்புள்ளியின் லூப் ‘1 வரும்வரை கேள்’ என்கிறது. ஸ்கேன்எஃப் கோப்பு முடிவில் −1 தரும், 1 வரவே வராது. ‘எத்தனை மாதம்?’ என்ற வரி லாக் கோப்பில் டிஸ்க் நிறையும்வரை ஏறும். இது கண்ட்ரோல்-சி போட ஆளில்லாத நேரத்தில் நடக்கும்.

எனவே:

கோப்பு முடிவு தோல்வி அல்ல, உரையாடல் முடிந்தது என்று அர்த்தம். எஃப்கெட்ஸ் நல் (‘வரி எதுவும் இல்லை’ என்ற குறி) திருப்பினால் திரும்பக் கேட்காமல் வெளியேறுங்கள். டெர்மினலில் ஒருவர் கண்ட்ரோல்-டி அழுத்தினாலும் அதே வழிதான், அவர் ‘போதும்’ என்கிறார்.

கேட்பதற்கு முன் இஸ்ஏடிடிஒய்-க்கு 0 கொடுத்து எஸ்டிடிஇன் டெர்மினல்தானா என்று பாருங்கள். விண்டோஸில் அதே பெயருக்கு முன்னால் ஒரு அடிக்கோடு சேரும். டெர்மினல் இல்லையென்றால் கேள்வி கேட்கவே கூடாது, ‘மூன்று எண்கள் தேவை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு 2 என்ற வெளியேற்றக் குறியோடு நிறுத்துங்கள். மெயினில் −1 திருப்பாதீர்கள், வெளியே 255 என்றுதான் தெரியும்.

கேள்வி வரியை எஸ்டிடிஎர்-க்கு (பிழைச் செய்திக்கான வழி) எழுதுங்கள், எஸ்டிடிஅவுட்டுக்கு (விடைக்கான வழி) அல்ல. யாராவது விடையைக் கோப்புக்குத் திருப்பினால் கேள்வியும் சேர்ந்து கோப்புக்குள் போய்விடும். திரை வெறுமையாக நிற்கும், அவர் நிரல் தொங்கிவிட்டது என்று நினைப்பார், நிரல் அவருக்காகக் காத்திருக்கும். எஸ்டிடிஎர் பஃபரில் தேங்காது என்பதால் எஃப்ஃப்ளஷ் கவலையும் இல்லை. எஸ்டிடிஅவுட்டில்தான் கேட்பேன் என்றால், கேள்வியின் கடைசியில் புதுவரி இல்லாதபோது எஃப்ஃப்ளஷ் கட்டாயம். அது இல்லாமலே பல டெர்மினல்களில் தெரிவது நம் அதிர்ஷ்டம், தரத்தின் உத்தரவாதம் இல்லை.

கிரான்டேப் என்றதும் ஒன்று: அந்த வரியில் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. ‘தவணை 150000 24 10.5%’ என்று எழுதினால் குறியோடு கட்டளை முடிந்துவிடும், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் எஸ்டிடிஇன்-க்குப் போகும். முன்னால் பின்சாய்கோடு போட்டால்தான் குறி குறியாகவே இருக்கும்.

#7 அரைப்புள்ளி

ஸ்டிர்டோல்எல் வைத்து மாற்றியாயிற்று. 1,50,000-க்கு ‘எண்ணுக்குப் பின்னால் வேறு ஏதோ இருக்கிறது’ என்று சரியாக மறுக்கிறது. #1-இன் கடைசிக் கேள்வி பாக்கி. கட்டளை வரியில் தப்பு வந்தால் வெளியேறுவதா, கேட்பதா? இரண்டு எண் மட்டும் கொடுத்தால் மூன்றாவதை மட்டும் கேட்கலாமா?

#8 ஆய்வகம்

கேட்கலாம், கேட்கணும். பயனர் இரண்டு எண் தட்டிவிட்டார், மூன்றாவதை மறந்துவிட்டார். அவரை முதலிலிருந்து தட்டச் சொல்வது என்ன மரியாதை? தப்பான எண்ணுக்கும் அப்படியே: ‘மாதம் 2x4 என்பது எண் இல்லை, மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்டால் முடிந்தது.

#9 கருந்திரை

ஒத்துக்க மாட்டேன் சார். கட்டளை வரியில் எண் கொடுத்தவர் ‘என்னைக் கேட்காதே’ என்று சொல்லிவிட்டார். பாதிக்குமேல் அது ஆளாகவும் இருக்காது, இன்னொரு ஸ்கிரிப்டாக இருக்கும்.

இரண்டு எண் வந்தால் மூன்றாவதை மட்டும் கேட்பது எப்படி வினையாகும் என்று பாருங்கள். ஷெல் (கட்டளை வரியைப் படித்து ஓட்டும் நிரல்) ஸ்கிரிப்டில் அசல், மாதம், வட்டி என்று மூன்று மாறிகள் மேற்கோள் குறி இல்லாமல் எழுதப்பட்டிருக்கின்றன. மாதம் மாறி ஏதோ காரணத்தால் காலி. ஷெல் காலி மாறியை அப்படியே மறைத்துவிடும். உங்கள் நிரலுக்குப் போவது ‘தவணை 150000 12’. இதில் 12 என்பது வட்டி. நிரலோ அதை மாதம் என்று எடுத்துக்கொண்டு, ‘வட்டி எவ்வளவு?’ என்று பணிவாகக் கேட்கும். எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது, 12 மாதம் என்பது முழுக்க நியாயமான எண். வட்டி 10.5-ஆக இருந்திருந்தால் தசமப் புள்ளியால் தப்பியிருப்போம். அந்தத் தப்பித்தலை நம்பியா நிரல் எழுதுவது?

எனவே ஆர்க்சி (நிரலின் பெயரையும் சேர்த்து கட்டளை வரியில் வந்தவற்றின் எண்ணிக்கை) 1 என்றால் (டெர்மினலாகவும் இருந்தால்) எல்லாவற்றையும் கேள். 4 என்றால் எதையும் கேட்காதே, ஒன்று தப்பானாலும் எது தப்பு என்று சொல்லிவிட்டு வெளியேறு. 2, 3, 5 எல்லாம் பிழை. பாதி கொடுத்து பாதி கேட்கிற வசதி வேண்டுமென்றால் எண்களுக்குப் பெயர் வையுங்கள்: ‘-ம 24’ மாதிரி விருப்பக் குறிகள். அப்போது எது விடுபட்டது என்பதில் சந்தேகமே வராது.

#10 ஆய்வகம்

ஷெல் மாறி உதாரணம் சரி, அதை யோசிக்கவில்லை. குறிகளோடு கேட்பது எனக்குச் சம்மதம். ஆனால் டெர்மினலில் தட்டிய பதில் தப்பானால் திரும்பக் கேட்பதில் மாற்றமில்லை. அதுவும் மூன்று முறைக்குமேல் வேண்டாம். யாராவது தப்பான கோப்பை ஒட்டிவிட்டால் நூறு வரிக்கும் நூறு பிழைச் செய்தி வரும். ‘தப்பு’ என்று மட்டும் சொல்லாமல் என்ன வந்தது, என்ன எதிர்பார்த்தோம் என்று எழுத வேண்டும்: ‘மாதம்: “24.5” முழு எண் இல்லை, 1 முதல் 360 வரை’. வந்ததை மேற்கோளுக்குள் போட்டால் வால் இடைவெளி இருந்தாலும் கண்ணில் படும்.

#11 மடைமாற்றி

ஆர்க்சி பற்றிப் பேசும்போது: அது 0 ஆகவும் வரலாம். எக்ஸெக்விஇ-யை (நிரலைத் தொடங்கும் கர்னல் அழைப்பு) காலிப் பட்டியலோடு அழைத்தால் அப்படி வந்தது. 2022 ஜனவரியில் வெளியான பிகெக்ஸெக் (வேறு பயனர் உரிமையோடு நிரலை ஓட்டும் கருவி) ஓட்டைக்கு அடிப்படை அதுதான். ஆர்க்சி 0 என்று யோசிக்காமல் ஆர்க்வி 1-ஐ (பட்டியலில் நிரல் பெயருக்கு அடுத்த இடம்) தொட்டார்கள், அங்கே சுற்றுச்சூழல் மாறிகள் இருந்தன. லினக்ஸ் கர்னல் 5.18 முதல் காலிப் பட்டியல் வந்தால் ஒரு வெற்றுச் சரத்தைத் தானே வைத்துவிடுகிறது. நம் நிரலில் கருந்திரையின் ‘1 அல்லது 4, மற்றதெல்லாம் பிழை’ விதியே இதையும் கவனித்துக்கொள்ளும்.

விருப்பக் குறிகளுக்கு கெட்ஆப்ட் (குறிகளைப் பிரித்தெடுக்கும் ஃபங்ஷன்) போடுபவர்களுக்கு: −5 மாதிரி எதிர்மறை எண்ணைத் தனி ஆர்க்யுமெண்டாகக் கொடுத்தால் கெட்ஆப்ட் அதைக் குறி என்று நினைத்து ‘5 என்ற விருப்பம் இல்லை’ என்று திட்டும். முன்னால் இரட்டைக் கோடு போட்டால் அதற்குப் பின்னுள்ளதைக் குறியாகப் பார்க்காது. மதிப்பு கேட்கும் குறிக்கு அடுத்து வரும் −5 சிக்கலில்லை, அதை மதிப்பாகவே எடுக்கும்.

கால்குலேட்டர் மாதிரி நிரல் எழுதுபவர்கள் ‘5 * 3’ என்று கொடுத்துவிட்டு ஆர்க்சி ஏன் 27 என்று கேட்பார்கள். நட்சத்திரக் குறியை ஷெல் அந்த அடைவில் உள்ள கோப்புப் பெயர்களாக விரித்துவிடுகிறது. மேற்கோளுக்குள் போடணும், இல்லை பெருக்கலுக்கு வேறு எழுத்து வைக்கணும்.

#12 வெற்றுச்சுட்டி

வட்டிக்கு இன்னும் யாரும் வரவில்லை. ஏடோஎஃப்-ஐ ஸ்டிர்டோடி-யால் மாற்றுங்கள், அமைப்பு முழுஎண்_படி மாதிரியேதான். வேறுபாடுகள் மட்டும் சொல்கிறேன்.

ஸ்டிர்டோடி ‘இன்ஃப்’ (முடிவிலி), ‘நான்’ (‘எண் அல்ல’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற ஆங்கிலச் சொற்களையும் எண்ணாக ஏற்கும். இந்த ‘நான்’-ஐச் சிறியதா, பெரியதா, சமமா என்று எதோடு ஒப்பிட்டாலும் பொய். ‘வட்டி 0-ஐவிடக் குறைவு அல்லது 100-ஐவிட அதிகம் என்றால் மறு’ என்று எழுதினால் இரண்டும் பொய்யாகி ‘நான்’ உள்ளே நுழைந்துவிடும். திருப்பி எழுதுங்கள்: ‘வட்டி 0 முதல் 100-க்குள் இருந்தால் ஏற்றுக்கொள், இல்லையென்றால் மறு’. முடிவிலியும் அதிலேயே மாட்டும்.

இங்கே ஈரேஞ்ச் இரண்டு காரணத்துக்கு வரும், மிகப் பெரியதற்கும் பூச்சியத்துக்கு மிக நெருங்கியதற்கும். வட்டிக்கு இரண்டையும் மறுக்கலாம், நஷ்டமில்லை.

தசமக் குறி லொகேலை (மொழி, நாட்டு அமைப்பு) பொறுத்தது. நிரல் தொடங்கும்போது ‘சி’ லொகேல், எனவே புள்ளி. யாராவது செட்லொகேல்-ஐ வெற்றுச் சரத்தோடு அழைத்து, கணினி ஜெர்மன் அமைப்பில் இருந்தால் ‘10.5’ என்பது 10-இல் நின்றுவிடும்.

வட்டி 0 வரம்புக்குள் வருகிறது, ஆனால் தவணைச் சூத்திரம் அதில் 0/0 ஆகும். அதைத் தனியாக எடுத்து அசலை மாதத்தால் வகுங்கள். இது எண் படிக்கும் ஃபங்ஷனின் வேலை இல்லை, ஆனாலும் வரம்பு வைக்கும்போதுதான் ஞாபகம் வரும்.

‘எதிர்மறை வராது, அன்சைன்ட் போட்டுக்கொள்கிறேன்’ என்று ஸ்டிர்டோயூஎல் பக்கம் போகாதீர்கள். அது ‘-1’-ஐ மறுக்காது. 64 பிட் லினக்ஸில் 18446744073709551615 தரும், எர்நோ-வும் அமைதியாக இருக்கும். சைன்ட் வகையில் படித்து கீழ்வரம்பு வைப்பதே எளிது.

#13 அரைப்புள்ளி

வட்டியும் சரியானது. இப்போது ஓட்டுபவர்கள் கேட்பது: 1,50,000-ஐ மறுக்காமல் ஏற்க முடியாதா? பாஸ்புக்கில் அப்படித்தான் அச்சாகிறது, அதைப் பார்த்துத் தட்டுகிறார்கள். காற்புள்ளியை எல்லாம் நீக்கிவிட்டுப் படித்தால் போதுமா?

#14 கருந்திரை

கண்ணை மூடிக்கொண்டு நீக்கினால் ‘1,50’ என்பது 150 ஆகும். அவர் ஒன்றரை என்று நினைத்திருக்கலாம், 1,50,000-இல் பாதியில் விரல் நின்றிருக்கலாம். நீக்கும் முன் குழுவைப் பாருங்கள்: கடைசிக் காற்புள்ளிக்குப் பின் சரியாக 3 இலக்கம், நடுக் குழுக்கள் எல்லாம் 2 (லட்ச முறை) அல்லது எல்லாம் 3 (மில்லியன் முறை), முதல் குழு காலியாக இருக்கக் கூடாது. பொருந்தினால் நகல் பஃபரில் காற்புள்ளி இல்லாமல் எழுதி முழுஎண்_படி-க்கு அனுப்புங்கள். ஆர்க்வி சரத்தை இருந்த இடத்திலேயே மாற்ற சி அனுமதிக்கிறது, ஆனால் அப்புறம் பிழைச் செய்தியில் பயனர் தட்டியதைக் காட்ட முடியாது.

இதை அசலுக்கு மட்டும் செய்யுங்கள். மாதத்துக்கும் வட்டிக்கும் வேண்டாம். ‘10,5’ என்று வட்டியில் வந்தால் அது தசமமா தட்டச்சுப் பிழையா என்று நாம் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை, மறுத்துவிடலாம்.

#15 ஆய்வகம்

தமிழ் இலக்கங்களில் ௧௫௦௦௦௦ என்று தட்டினால்?

#16 வெற்றுச்சுட்டி

ஸ்டிர்டோல் குடும்பத்துக்கு அது எண்ணே இல்லை. ‘எண் இல்லை’ கிளைக்குப் போகும். ஏற்க வேண்டுமென்றால் சுலபம்தான்: யூடிஎஃப்-8இல் தமிழ் இலக்கம் ஒவ்வொன்றும் 3 பைட். முதல் இரண்டு எப்போதும் 224, 175. மூன்றாவது ௦-வுக்கு 166, ௧-க்கு 167, இப்படி ௯-க்கு 175. மூன்றாம் பைட்டிலிருந்து 166-ஐக் கழித்தால் இலக்கத்தின் மதிப்பு. காற்புள்ளி நீக்கும் அதே நகலெடுக்கும் லூப்பில் இதையும் சேர்க்கலாம். 176 முதல் ௰, ௱, ௲ வரும். அவை இட மதிப்பு இலக்கங்கள் இல்லை, மறுத்துவிடுங்கள்.

நடைமுறையில் இதைவிட அதிகம் வருவது கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகள். வலைப்பக்கத்திலிருந்து வெட்டி ஒட்டினால் உடையா இடைவெளி (194, 160) ஒட்டிக்கொண்டு வரும். ‘சி’ லொகேலில் இஸ்ஸ்பேஸ்-க்கு அது இடைவெளி இல்லை. வேர்டிலிருந்து ஒட்டினால் கழித்தல் குறிக்குப் பதில் நீண்ட கோடு (226, 128, 147). விண்டோஸில் சேமித்த கோப்பைப் பைப்பில் விட்டால் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட் இருக்கலாம். பயனர் திரையில் பார்ப்பது 150000, நிரலோ ‘எண் இல்லை’ என்கிறது, இருவரும் சண்டை போடுவார்கள். பிழைச் செய்தியில் 127-க்கு மேற்பட்ட பைட் இருந்தால் அதன் மதிப்பையும் எழுதிவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

#17 அரைப்புள்ளி

இப்போதைய நிலை: கேள்விக்கு 64 பைட் பஃபர், எஃப்கெட்ஸ். கடைசியில் புதுவரிக் குறி இல்லையென்றால் வரி நீளமானது என்று மறுத்து, மிச்சத்தை கெட்கேர் லூப்பால் விழுங்குகிறேன். நல் வந்தால் வெளியேற்றம் 2. மூன்று முயற்சி. வேறு ஓட்டை?

#18 கருந்திரை

ஒன்று. புதுவரி இல்லாததற்கு இரண்டு காரணம் உண்டு. வரி நீளமாக இருக்கலாம், அல்லது கோப்பு அங்கேயே முடிந்திருக்கலாம். கடைசி வரியில் என்டர் தட்டாமல் சேமித்த கோப்பை நீங்கள் அநியாயமாக மறுக்கிறீர்கள். எஃப்இஓஎஃப்-ஐ (கோப்பு முடிந்ததா என்று சொல்லும் ஃபங்ஷன்) பாருங்கள். உண்மை என்றால் அது முழு வரிதான், படியுங்கள். இல்லையென்றால் மட்டும் விழுங்குங்கள். பைப்பில் கேள்வி கேட்பதில்லை என்றாலும், டெர்மினலிலும் எண்ணைத் தட்டிவிட்டு என்டருக்குப் பதில் கண்ட்ரோல்-டி இரண்டு முறை அழுத்தினால் இதே நிலைதான்.

கீழ்க்கண்டவற்றை ஒரு ஸ்கிரிப்டில் போட்டு ஒவ்வொரு முறை கம்பைல் செய்யும்போதும் ஓட்டுங்கள். மறுக்க வேண்டியவை: வெற்றுச் சரம், வெறும் இடைவெளி, தனி கூட்டல் குறி, ‘24.5’, ‘24மா’, ‘- 5’ (நடுவில் இடைவெளியோடு), ‘1,50’, 9223372036854775808 (லாங் லாங்கின் உச்சத்துக்கு ஒன்று மேல்). ஏற்க வேண்டியவை: ‘+24’, ‘ 24 ’, ‘024’ (24 ஆக, 20 ஆக அல்ல), வால் பக்கம் 13 என்ற பைட் ஒட்டிய விண்டோஸ் வரி, உங்கள் கீழ்வரம்பும் மேல்வரம்பும் அப்படியே. வரம்புக்கு ஒன்று வெளியே இருபக்கமும் மறுக்கணும். கடைசியாக, உள்ளீட்டை /டெவ்/நல்-லிலிருந்து (படித்தால் எப்போதும் காலியாக இருக்கும் கோப்பு) திருப்பி எந்த ஆர்க்யுமெண்டும் இல்லாமல் ஓட்டுங்கள். ஒரு வரிப் பிழையோடு உடனே நிற்க வேண்டும்.

#19 மடைமாற்றி

ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் 3.6 (2004) முதலே ஸ்டிர்டோநம் என்று ஒன்று இருக்கிறது: சரம், கீழ்வரம்பு, மேல்வரம்பு கொடுத்தால் எண் அல்லது பிழைச் சொல் தரும். நீங்கள் எல்லாரும் சேர்ந்து எழுதியது ஏறக்குறைய அதுதான். ஜிலிப்சியில் (லினக்ஸின் வழக்கமான சி நூலகம்) கிடையாது, லிப்பிஎஸ்டி என்ற நூலகத்தை நிறுவினால் கிடைக்கும். ஒரு நிரலுக்காக அதை இழுத்து வருவதைவிட இருபது வரி எழுதுவதே மேல்.

கம்பைல் செய்த நிரலை வேறு கணினிக்கு எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. ஜிலிப்சி 2.38 உள்ள கணினியில் சி23 (சி தரத்தின் புதிய பதிப்பு) முறையில் கம்பைல் செய்தால் (ஜிசிசி 15-இல் அதுதான் இயல்பு) ஸ்டிர்டோல்எல் வேறொரு உட்பெயரோடு இணைக்கப்படும், இரண்டடிமான முன்னொட்டை ஏற்பதற்காக. பழைய லினக்ஸ் வெளியீட்டில் அந்த நிரல் ‘ஜிலிப்சி 2.38 கிடைக்கவில்லை’ என்று தொடங்கவே மறுக்கும். அடிமானம் 10 என்று எழுதியிருந்தாலும் இது பொருந்தும். பழைய கணினியிலேயே கம்பைல் செய்யுங்கள், அல்லது சி17 என்று கம்பைலரிடம் சொல்லுங்கள், ஜிஎன்யூ சோர்ஸ் மேக்ரோவும் இல்லாமல்.

#20 அரைப்புள்ளி

எஃப்இஓஎஃப் சேர்த்தாயிற்று. கருந்திரை அண்ணா கொடுத்த பட்டியலில் ‘- 5’ தவிர மற்றதெல்லாம் முதல் முறையே சரி. அது தவறியது காற்புள்ளி நீக்கும் லூப்பில் இடைவெளியையும் சேர்த்து நீக்கியதால். அந்த வரியை எடுத்ததும் மறுக்கிறது.